பிள்ளை படிக்கும் ஊரில் ராக்கெட் விழுந்தால்...

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பெற்றோரும் மாணவர்களும் கலந்துகொண்ட தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று மலையின் பல மூலைகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். கொழுந்து வேலையை முடித்துவிட்டு, கை கழுவிய ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு ராக்கெட் குண்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் பாட்டன்மார்களுக்கு ஜப்பான்காரன் காலம் தெரியும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் தெரியும். நாம் பையில் வைத்திருக்கும் அடையாளக் கார்டே அந்த அவசரகாலத்தில் வந்ததுதான். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குக் குண்டு என்பது சினிமாவில் வெடிப்பது. அது நம் பாக்கியம். அந்தப் பாக்கியத்தோடு வளர்ந்த பிள்ளையைத்தான் நாம் விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

எங்கே அனுப்புகிறோம்? 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், டாக்டர் படிப்பு என்றால் நம் சமுதாயத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்று சிம்ஃபெரோபோல். கிரைமியாவில் இருந்த மருத்துவப் பல்கலைக்கழகம். 2005இல் அதன் அங்கீகாரம் பற்றி எழுந்த சர்ச்சை தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஊர் 2014 மார்ச் மாதத்தில் உக்ரைனின் கையை விட்டு ரஷ்யாவின் கைக்குப் போனது. நம்மவர் நம்பிப் போன ஊர்தான். பத்தே ஆண்டில் நிலைமை தலைகீழானது. கட்டணம் குறைவு என்று பார்த்துத்தான் தோட்டத்துப் பெற்றோர் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கட்டணம் குறைவாக இருக்கும் ஊர் அமைதியாகவும் இருக்கும் என்று எந்த ஏஜென்டும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

ஒன்பது நாள்

2022ஆம் ஆண்டு உக்ரைனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே சிக்கிக்கொண்ட மலேசியர்கள் சிலர்தான். இந்திய மாணவர்களோ பல்லாயிரம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே கடன் வாங்கிப் போனவர்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். பிப்ரவரி 15ஆம் தேதி, கியவ் நகரில் இருந்த இந்தியத் தூதரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கட்டாயம் தங்கவேண்டிய தேவை இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாகப் புறப்படுவது பற்றி யோசிக்கலாம் என்றது. 20ஆம் தேதி இன்னோர் அறிவிப்பு. இந்தத் தடவை 'யோசிக்கலாம்' என்ற சொல் இல்லை, புறப்படுங்கள் என்றது. 22ஆம் தேதி மறுபடியும். ஆன்லைன் வகுப்பு உண்டா இல்லையா என்று பல்கலைக்கழகம் சொல்லும்வரை காத்திருக்கவேண்டாம் என்றது. 24ஆம் தேதி விடியற்காலையில் போர் தொடங்கிவிட்டது. வான்வெளியை மூடிவிட்டார்கள். மாணவர்களை ஏற்றிவரப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது.

முதல் அறிவிப்புக்கும் முதல் குண்டுக்கும் இடையில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வராவிட்டால் வருகைப்பதிவு போய்விடும் என்ற பயம். விமான டிக்கெட் விலையோ தினமும் ஏறியது. போர் வராது என்று அங்கே உள்ளூர்க்காரர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் வெளியே தெரிந்த காரணங்கள். வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அதைப் பெற்றோர்களிடம்தான் சொல்லவேண்டும்.

அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து பணத்தை எடுத்திருக்கிறார். அம்மா தாலியைத் தவிர மற்ற நகையை அடகுக் கடையில் வைத்திருக்கிறார். 'எங்கள் தோட்டத்திலிருந்து முதல் டாக்டர்' என்று கோயில் திருவிழாவில் மாலை போட்டு அனுப்பியிருக்கிறோம். அப்படிப் போன பிள்ளை, குண்டு விழுவதற்கு முன்னால், ஒரு சந்தேகத்தின் பேரில் மட்டும், நம் காசில் நாலாயிரம் வெள்ளி டிக்கெட் எடுத்து வீட்டுக்கு வந்து நிற்குமா? போர் வராமல் போய்விட்டால்? "பயந்து ஓடிவந்துட்டான்" என்று லயத்தில் நாலு பேர் சொல்லமாட்டார்களா? இந்தக் கணக்கைப் பிள்ளை மனத்துக்குள் போட்டுப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் இல்லம்மா, டிவியிலதான் பெருசா காட்டுறாங்க" என்று போனில் சொல்கிறது. அதைக் கேட்டு நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

ஆகவே பிள்ளையை அனுப்பும்போதே, விமான நிலையத்தில் அழுதுகொண்டு சொல்லாமல், வீட்டில் உட்காரவைத்து அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "தூதரகம் கிளம்பச் சொன்னா எங்களைக் கேட்காதே, கிளம்பிடு. போர் வராம போனாலும் நாங்க ஒரு சொல் சொல்லமாட்டோம்." அந்த ஒரு தடவை வருவதற்கான டிக்கெட் பணத்தை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் குறைந்தால்கூட அதைத் தொடாதீர்கள். படிப்புச் செலவுப் பட்டியலில் ஹாஸ்டல், புத்தகம், குளிர்ச்சட்டை என்று எழுதுகிறோம் அல்லவா, அதே பட்டியலில் இதுவும் ஒரு வரி.

மலையின் வழக்கம் அங்கே உதவாது

மலைவாசிகளுக்கு ஆபத்து தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நள்ளிரவில் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் வேலியில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச்செல்லப்பட்டன, உயிர்களும் போயின. சைரன் ஒலிக்கும் தண்ணீர் வருவதற்கும் இடையே மனிதனுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். மண் சரிந்தால் வீட்டை விட்டு வெளியே ஓடுகிறோம். வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஏறுகிறோம். இரண்டும் நம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஊறிப்போன வழக்கம். ராக்கெட்டுக்கு இரண்டும் தப்பு. உள்ளே போகவேண்டும், கீழே போகவேண்டும். சத்தம் கேட்டதும் சன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பதும், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவதும் இளைஞர்களின் சுபாவம். குண்டு நேராகத் தலையில் விழுந்துதான் ஆள் சாகவேண்டும் என்பதில்லை. தூரத்தில் விழுந்தாலும் அதிர்ச்சி அலை சன்னல் கண்ணாடியை உடைத்துக் கத்தியாக வீசும். இரும்புச் சிதறல் வேறு.

உக்ரைன் மக்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் தெருவுக்கும் உனக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கட்டும். முதல் சுவர் வெடியின் வேகத்தை வாங்கும். இரண்டாவது சுவர் சிதறி வருவதைத் தடுக்கும். நிலவறைக்குப் போக நேரமில்லாத ஹாஸ்டல் மாணவனுக்குப் பெரும்பாலும் அது நடைக்கூடம்தான். அறைக்கதவைச் சாத்திவிட்டு, சன்னலோ கண்ணாடியோ இல்லாத பகுதியில் தரையில் உட்காரவேண்டும். லிஃப்டில் ஏறவே கூடாது. தெருவில் மாட்டிக்கொண்டால் சுவரோரம், பள்ளம், வடிகால், எது கிடைத்தாலும் குப்புறப் படுத்துத் தலையைக் கையால் மூடிக்கொள்ளவேண்டும். நின்றுகொண்டு இருப்பவனைத்தான் சிதறல் முதலில் தேடும்.

இதெல்லாம் தமிழனுக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்த நம் மக்களைக் கேட்டால் பதுங்குகுழி என்று ஒரு சொல் சொல்வார்கள். பனங்குற்றியை மேலே அடுக்கி, மண்மூட்டை போட்டு, நுழையும் வழியை நேராக வெட்டாமல் 'ட' எழுத்தைப் போல் வளைத்து வெட்டுவார்கள், வெளியே வெடித்தது நேரே உள்ளே பாயக்கூடாது என்று. உக்ரைன்காரரின் இரண்டு சுவர்க் கணக்கும் இதுவும் ஒன்றுதான். அந்தக் குழியோரத்தில் விளக்கு வைத்துப் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையே அங்கே இருந்தது.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். இஸ்ரேலில் காஸா எல்லையை ஒட்டிய ஊர்களில் சைரன் ஒலித்தபின் 15 விநாடி. தெல் அவிவ் பக்கம் 90 விநாடி என்று சொல்லிவைத்திருந்தார்கள். நம் பாஸ்போர்ட்டில் அங்கே போகமுடியாது, ஆனாலும் அந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 15 விநாடி என்பது சட்டையை மாட்டவும் போதாது. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும், பதற்றம் என்று செய்தி வந்த அன்றே, கட்டிலிலிருந்து ஒளியும் இடம்வரை ஒரு தடவை நடந்து பார்த்து எண்ணிவைக்கவேண்டும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023 அக்டோபர் 7ஆம் தேதி, காஸா எல்லைக்கு அருகில் அலுமிம் என்ற பண்ணைக் குடியிருப்பில் பத்து நேப்பாள மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். விவசாயம் கற்றுக்கொள்ளப் போனவர்கள். ராக்கெட்டுக்குப் பயந்து ஒளிந்தார்கள். வந்தது துப்பாக்கி ஏந்திய ஆட்கள். ராக்கெட்டுக்காகக் கட்டிய அறை எல்லாவற்றுக்கும் காவல் ஆகாது. இன்று நம் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகளுக்கு அந்தச் செய்தி வீட்டுச் செய்தி.

ரொட்டி வாங்கப் போன பிள்ளை

உக்ரைனில் போர் தொடங்கிய ஆறாம் நாள், மார்ச் 1ஆம் தேதி, கார்கிவ் நகரில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். நிலவறையில் பத்திரமாக இருந்தவர்தான். சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே போய், கடை வரிசையில் நின்றபோது உயிர் போனது. அவர் மட்டுமல்ல, அன்று அந்த நகரத்தில் எல்லோரும் அப்படித்தான் வரிசையில் நின்றார்கள். வேறு வழியில்லை.

அதனால்தான் பதற்றம் தொடங்கும்போதே பத்து நாளுக்கு வேண்டியதை வாங்கி வைக்கச் சொல்கிறேன். சமைக்காமல் சாப்பிடக்கூடியது: ரொட்டி, பிஸ்கட், வேர்க்கடலை, டின் உணவு. அதைவிட முக்கியம் தண்ணீர். சுமி என்ற ஊரில் ஏறத்தாழ 700 இந்திய மாணவர்கள் குழாயில் தண்ணீர் நின்றுபோய், பனிக்கட்டியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள். மார்ச் 8ஆம் தேதிதான் பேருந்துகளில் பொல்டாவா நகருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால், "இனிப் பொறுக்கமுடியாது, நடந்தே எல்லைக்குப் போகிறோம்" என்று வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். போகவேண்டாம், ஒதுங்கிய இடத்திலேயே இருங்கள் என்று அரசாங்கம் தடுத்தது.

கார்கிவில் நடந்தது இதற்கு நேர்மாறு. மார்ச் 2ஆம் தேதி, வாகனம் கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை ஆறு மணிக்குள் நகரத்தை விட்டு வெளியேறுங்கள் என்று தூதரகமே அறிவித்தது. பெசோச்சின் 11 கிலோமீட்டர், பபாய் 12, பெஸ்லூதிவ்கா 16 என்று தூரமும் சொன்னது. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு நடக்கிற தூரம்தான். நடந்தது பனியில், குண்டுச் சத்தத்துக்கு நடுவில். ஆகவே 'எப்போதும் இரு' என்றோ 'எப்போதும் ஓடு' என்றோ ஒரே விதியை நான் சொல்லமாட்டேன். சண்டை நடக்கும்போது தன் மனம்போல் வெளியே கிளம்பக்கூடாது. கிளம்பு என்று பொறுப்பானவர்கள் சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

அந்த நேரத்தில் பெட்டி உதவாது. முதுகுப் பை ஒன்று, எப்போதும் கட்டிய நிலையில். நல்ல காலணி. பாஸ்போர்ட், மாணவர் அட்டை, உள்ளூர்ப் பணம், கொஞ்சம் டாலர், இரண்டு நாள் மருந்து, ஒரு வெள்ளைத் துணி கட்டுப்போட. பாஸ்போர்ட் பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியலையும் படம் பிடித்து வீட்டுக்கு முன்னமே அனுப்பிவைக்கவேண்டும். பல்கலைக்கழகக் கட்டடமே இல்லாமல் போகலாம். அங்கே இருக்கும் ஆவணத்தை நம்பி இருக்கமுடியாது. வெடிக்காமல் கிடக்கும் எதையும் தொடவே கூடாது. ராணுவ வண்டியையும் குண்டு விழுந்த இடத்தையும் படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. உக்ரைன் அதற்குச் சட்டமே கொண்டுவந்தது. கறுப்பாக ஒரு அந்நியப் பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் பயந்துபோன சிப்பாய்க்கு என்ன தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. செய்தி பார்த்த உடனே அப்பா, அம்மா, சித்தி, மாமா என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டுப் பிள்ளையின் கைப்பேசி மின்சாரத்தைத் தீர்த்துவிடுகிறோம். நிலவறையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கைப்பேசிதான் சைரன், விளக்கு, வரைபடம் எல்லாம். காலை ஒன்று, மாலை ஒன்று, "நல்லாருக்கேன்" என்று ஒரு வரி. நேரத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் ஈரானில் தாக்குதல் நடந்தபோது அந்த நாட்டில் இணையமே கிட்டத்தட்ட அறுந்துபோனது. அங்கிருந்த இந்திய மாணவர்கள் பலர் தரைவழியாக ஆர்மீனியா எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செய்தி வரவில்லை என்றால் பிள்ளை இல்லை என்று அர்த்தம் அல்ல. தூதரகத்தின் எண்ணையும் உடன் படிக்கும் இரண்டு நண்பர்களின் எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பிள்ளையும் வைத்திருக்கவேண்டும், நீங்களும் வைத்திருக்கவேண்டும்.

உயிர் மிஞ்சியது, படிப்பு?

'ஆபரேஷன் கங்கா' என்ற பெயரில் ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். பத்திரிகைகள் அதோடு வேறு செய்திக்குப் போய்விட்டன. பிள்ளைகளின் கதை அங்கே முடியவில்லை. மூன்றாம் ஆண்டில் விட்டுவந்தவர் உள்நாட்டுக் கல்லூரியில் சேரமுடியவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிக்க 2022 செப்டம்பரில் மருத்துவ ஆணையம் வழிவிட்டது. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு தடவை மட்டும் தேர்வு எழுதும் வாய்ப்பு 2023இல் கிடைத்தது. ஜார்ஜியாவுக்குப் போனவர்கள் உண்டு. போர் நடக்கும் உக்ரைனுக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு, கடனை அடைக்க வேறு வழி தெரியாமல்.

ஆகவே ஏஜென்டிடம் பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியில் வரநேர்ந்தால் இந்தப் படிப்பை எங்கே தொடரலாம்? மலேசிய மருத்துவ மன்றம் அதை ஏற்குமா? கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தையும் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். போரினால் வரும் நட்டத்துக்குப் பணம் இல்லை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

அப்படியென்றால் வெளிநாடே வேண்டாமா என்று முன்வரிசையில் ஒரு ஐயா முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது பஞ்சாபிலும் காஷ்மீரிலும் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளே ஊர் திரும்பவேண்டியிருந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே அப்படி. எங்கே சண்டை வரும் என்று யாரும் ஜோசியம் சொல்லமுடியாது. இந்தத் தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைகள் வெளியே போய்ப் படிக்கத்தான் வேண்டும்.

போகிற பிள்ளை எங்கே இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியவேண்டும். 2011இல் எகிப்தில் கலவரம் வெடித்தபோது நம் அரசாங்கம் ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்களை ஜித்தா வழியாகக் கொண்டுவந்தது. பெயரும் முகவரியும் தெரிந்தால்தான் அழைத்துவர ஆள் வரும். வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலர் பக்கத்தில் பதிவு செய்வதற்குக் காசு இல்லை. பிள்ளை வீடு மாறினால் முகவரியையும் மாற்றவேண்டும். பெற்றோருக்குக் கணினி பழக்கம் இல்லையென்றால் கூச்சப்படவேண்டாம். பின்வரிசையில் எஸ்.டி.பி.எம். படிக்கும் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளை படிப்பவர்கள், பாஸ்போர்ட் எண்ணும் ஹாஸ்டல் முகவரியும் கைவசம் இருந்தால், தேநீர் இடைவேளையிலேயே போய்ப் பதிந்துகொள்ளலாம். இல்லாதவர்கள் இப்போதே பிள்ளைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.